வெளிப்பக்கம் திறக்கும் கதவு

சாவிக்காரர் மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, பல் வெட்டாத வெற்றுச் சாவியைப் பிடித்துக் கறுப்பாக்குகிறார். கறுத்த சாவியைப் பூட்டுக்குள் விட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு சின்ன அசைப்பு. வெளியே எடுத்து மூக்குக்கு நேரே பிடித்தால், கரியில் எங்கெங்கே பொட்டுப் பொட்டாக மினுங்குகிறதோ, அங்கெல்லாம் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடியும் சுடர், மறுபடியும் பூட்டு. ஏழாவது எட்டாவது தடவையில் பூட்டு அலுத்துப்போய் விட்டுக்கொடுத்துவிடும். அதுவரை யார் வந்து என்ன கேட்டாலும் பதில் கிடையாது. வலது கட்டைவிரல் நகத்துக்குள் அந்தக் கரி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. கல்யாணத்தன்றுகூட அது போகவில்லை என்பது அவர் மனைவியின் முதல் புகார்.

கடை என்றால், ஒரு அலுவலகக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் முக்கோணம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். அதனால் உட்கார்ந்தேதான் வேலை. சாவி போடுவதோடு விட்டால் பரவாயில்லை. கொண்டுவந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது தேய்ந்த விதத்தை வைத்து ஆளைச் சொல்லும் கெட்ட பழக்கம் சாவிக்காரருக்கு உண்டு.

“சார், கதவை ரொம்பக் கோவமாத் தொறக்குறீங்க. சாவி கழுத்துல முறுக்கியிருக்கு பாருங்க.”

“அம்மா, உங்க வீட்ல யாருக்கோ கை நடுங்குது. பூட்டைச் சுத்திக் கீறலாக் கெடக்கு. டாக்டர்கிட்டக் காட்டுங்க.”

பாதிப்பேர் சிரிப்பார்கள். மீதிப்பேர் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவார்கள். “உங்களைச் சாவி போடக் கூப்பிட்டாங்களா, சாட்சி சொல்லக் கூப்பிட்டாங்களா?” என்று மனைவி கேட்பாள். “தேஞ்சது தேஞ்ச மாதிரிதானே இருக்கும்? நான் என்ன பண்ண?” என்பார் அவர்.

மனைவி தையல்காரி. அக்கம்பக்கத்துக்கு டைலரம்மா. பள்ளிச் சீருடைக்கு ஓரம் அடிப்பது, அறுந்த ஜிப்பை மாற்றுவது, இளைத்தவர்களுக்குச் சட்டையைப் பிடிப்பது, பருத்தவர்களுக்குப் பிரிப்பது. இருவரும் இருப்பது ஒரு வீட்டின் பின்பக்கம், தரைத்தளம், ஒன்றரை அறை. ஜன்னல் வெளிச்சம் விழும் ஒரே மூலையில் தையல் மெஷின். அதை ஒட்டிக் குளியலறைக் கதவு. மாடியில் வீட்டுக்காரர். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று குடிவந்த அன்று சொன்னவர். இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் ஆணி அடிக்கப்படவில்லை. காலண்டர்கூட மெஷின் மேல் சாய்ந்துதான் நிற்கிறது.

கடையை மூடும் வயது வந்ததும் சொந்தமாக ஒரு வீடு வாங்கிப் போய்விடுவது என்பது பழைய பேச்சு. ஏரிக்கரையில் வாங்கலாம் என்று கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் அவர்தான் சொன்னார். அவர் சும்மா சொன்னது. அவள் பிடித்துக்கொண்டாள். அறுபத்தைந்தை நெருங்கவும், போன வருஷத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வீடு பார்க்கக் கிளம்பினார்கள்.

வீட்டுத் தரகர் வாட்டசாட்டமான ஆள், சிரித்த முகம். ஆனால் ஒரு வளையத்தில் நாற்பது சாவிகளை அடையாளம் இல்லாமல் கோத்து வைத்திருப்பார். வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். சாவிக்காரர் கொத்தை ஒரு பார்வை பார்த்து, “அந்த மொட்டைத் தலை” என்பார். அதுதான் திறக்கும்.

உள்ளே போனதும் மற்றவர்கள் சமையலறையைப் பார்ப்பார்கள், தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திருகுவார்கள். இவர் நேரே குளியலறைக்குப் போய்க் கதவைத் தள்ளுவார். அது உள்பக்கம் திறக்கும். எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். கதவைத் திரும்ப இழுத்துச் சாத்திவிட்டு, “வேண்டாம்” என்று வாசலுக்கு வந்துவிடுவார்.

காரணத்தை ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார், முதல் வீட்டில். குளியலறைக்குள் போன ஆளைக் கூப்பிடுகிறோம், உள்ளே சத்தமில்லை, சீக்கிரம் வாங்க என்று அவருக்குப் போன் வருவதுண்டு. போய்த் தாழ்ப்பாளைக் கழற்ற ஒரு நிமிஷம் போதும். அதற்கப்புறம்தான் கதவு திறக்காது. சின்னக் குளியலறையில் விழுகிறவர்கள் கதவுக்கு முட்டுக் கொடுத்த மாதிரிதான் விழுகிறார்கள். தள்ளினால் அவர்கள் மேலேயே அழுத்தும். உடைத்தால் அவர்கள் மேலேயே விழும். கீல் உள்பக்கம் இருக்கும், கைக்கு எட்டாது. ஒரு பெரியவர் கதவுக்கு அந்தப் பக்கம் அரை மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தார். முதலில் முழு வாக்கியமாக, அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாக. சாவிக்காரர் தன் நாற்பது வருஷத் தொழிலையும் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றிருந்தார்.

“அண்ணே, நீங்க வீடு வாங்க வந்தீங்களா, கதவு வாங்க வந்தீங்களா?” என்று தரகர் கேட்டார். “கதவைத் திருப்பி மாட்ட ஒரு நாள் வேலைண்ணே. உங்களுக்கே தெரியாதா?”

தெரியும். அதுதான் டைலரம்மாவுக்குப் புரியவில்லை. இந்த மனுஷன் அரை நாளில் முடித்துவிடும் வேலை. அதற்காகப் பதினொரு வீடு வேண்டாம் என்றாகிவிட்டது. அவற்றில், பஸ் டிப்போவுக்குப் பின்னால், ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகும் தூரத்தில், தரைத்தளத்தில் ஒன்று வந்தது. இருட்டு வீடுதான், ஆனாலும் காரியத்துக்கு ஆகும் வீடு. அதையும் கதவைச் சாக்குச் சொல்லித் தள்ளினார். அவளுக்கு அதில் உள்ளூர நிம்மதி. அவளிடம் வேறு கணக்கு இருந்தது.

வீடு பார்க்கக் கிளம்புவதற்கு முந்தைய மழைக்காலத்திலிருந்தே அவளுடைய வலது பாதம் சொன்ன பேச்சு கேட்கவில்லை. வலி இல்லை. தூக்கினால் நுனி மட்டும் தொங்கியது. செருப்பு கழன்று பின்னால் நின்றுவிடும். இரண்டடி போனபிறகுதான் தெரியும். மெஷினை இடது காலால் மிதிக்கப் பழகிக்கொண்டாள். குளியலறையில் இரண்டு தடவை உட்கார்ந்த மாதிரி விழுந்தாள். எழுந்து, புடவையைப் பிழிந்து கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லித் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். நரம்பு என்றார் டாக்டர். காலில் ஆரம்பித்திருக்கிறது, மேலே ஏறும், நிறுத்த மருந்து இல்லை. “இன்னும் எவ்வளவு நாள் நடப்பேன்?” என்று கேட்டாள். ரெண்டு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கூடவும் ஆகலாம், குறையவும் ஆகலாம் என்றார். அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பொத்தான் டப்பாவுக்கு அடியில் போட்டு, மேலே வெள்ளைப் பொத்தான்களைக் கொட்டி வைத்தாள்.

அவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். டிப்போ வீடுதான் ஆகும். சொல்வதற்கு முன் ஏரிக்கரையில் வாங்கிவிட வேண்டும். நடக்கிற ரெண்டு வருஷமாவது தண்ணீர் தெரிகிற இடத்தில் நடக்க வேண்டும். அப்புறம் தூக்கிப் போகிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகட்டும்.

பன்னிரண்டாவது வீடு ஏரிக்கரையிலேயே கிடைத்தது. விற்பவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஒற்றை ஆள், மனைவி தவறிப்போனவர். வாசலுக்கு ஆறு படி. முன்னறை ஜன்னலைத் திறந்தால் சாம்பல் நிறத் தண்ணீர் அந்தக் கோடி வரைக்கும் அசையாமல் கிடந்தது. டைலரம்மா மெஷினை எங்கே போடுவது என்று அங்கேயே நின்று முடிவு செய்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எப்படிப் படியேறினாள் என்பதுகூட அவளுக்கு மறந்துபோயிற்று.

திரும்பிப் பார்த்தபோது சாவிக்காரர் இன்னும் மூன்றாவது படியில் நின்றிருந்தார். கையில் அவளுடைய வலது செருப்பு. அதைக் கவிழ்த்து, மூக்குக்கு நேரே பிடித்து, அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேலே வந்து, அதை அவள் பாதத்துக்கு முன்னால் வைத்தார்.

வழக்கம்போலக் குளியலறைக்குப் போனார். கதவைத் தள்ளினார். அசையவில்லை. இழுத்தார். வெளிப்பக்கமாகத் திறந்தது.

“அண்ணே!” என்று தரகர் கையைத் தட்டினார். “கெடச்சிடுச்சுண்ணே உங்க கதவு! இதுக்கு மேல என்னண்ணே வேணும்?”

சாவிக்காரர் கதவுச் சட்டத்தைத் தடவினார். உள்பக்கம் பழைய கீல் இருந்த பள்ளத்தை மரப்பொடியும் பசையும் வைத்து அடைத்து, மேலே சாயம் பூசியிருந்தது. தாழ்ப்பாள் பக்கம் கடப்பாரை பதிந்த வடு.

“இது எப்ப மாத்துனது?”

தபால்காரர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். “அவ போனதுக்கப்புறம்.” கொஞ்சம் விட்டு, “அப்புறம் எதுக்கு மாத்துனேன்னு கேக்காதீங்க” என்றார்.

சாவிக்காரர் கதவை மெதுவாகச் சாத்தினார். “வேண்டாம்ப்பா” என்று தரகரிடம் சொல்லிவிட்டு, ஆறு படியையும் இறங்கினார்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

“கதவுதான் உங்க இஷ்டப்படி இருந்துச்சே. அப்புறம் என்ன கேடு?”

“படி ஆறு.”

“ஆறு படி ஏறத் தெரியாதா எனக்கு? என்னமோ மலை ஏறச் சொன்ன மாதிரி.”

அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நகத்துக் கரியைப் பார்த்தபடி பேசினார்.

“உன் எடது செருப்பு குதிகால்ல தேயுது. எல்லாருக்கும் அப்படித்தான் தேயும். வலது செருப்பு முன்னாடி தேஞ்சிருக்கு, கட்டைவெரல் எடத்துல. இது ரெண்டாவது ஜோடி. போன ஜோடியும் அப்படித்தான் தேஞ்சுது.”

அவள் பாதத்தைச் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் சாட்சி சொல்கிற கண் தன் வீட்டு வாசலில் மட்டும் மூடிக்கிடக்கும் என்று நினைத்தது தன் மடத்தனம்தான்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

சொன்னாள். சுற்றி வளைக்காமல், நாலு வாக்கியத்தில். ரெண்டு வருஷம் என்பதையும் சொன்னாள். “தெரிஞ்சும் இவ்வளவு நாள் எங்கிட்ட ஏன் கேக்கல?”

“நீ ஏன் சொல்லல?”

“சொன்னா டிப்போ வீட்டை வாங்கியிருப்பீங்க.”

“அதையும்தான் வேண்டாம்னேனே.”

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. டிப்போ வீட்டுக்குப் படி இல்லை, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. அதை வாங்கினால் எதற்காக வாங்குகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டி வரும். ஏரிக்கரையை வாங்கினால் அவளை அந்தப் படிகளில் ஏற்ற வேண்டி வரும். இரண்டும் முடியாமல், மனுஷன் பன்னிரண்டு வீட்டுக் கதவையும் திறந்து திறந்து மூடியிருக்கிறார்.

“ரெண்டு வருஷம் நடப்பேங்க. அதை அங்க நடந்துட்டுப் போறேனே.”

இறங்கும்போது அவர் முதலில் இறங்கி நின்று, முழங்கையை நீட்டினார். பிடிக்கச் சொல்லவில்லை. அவள் பிடித்துக்கொண்டாள். நாற்பது வருஷத்தில் தெருவில் இப்படி நடந்தது கிடையாது. கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை, கடை திறக்கிற நேரத்துக்குத் திருகாணி கழலும் கிறீச் சத்தத்தில் கண் விழித்தாள். குளியலறைக் கதவு சட்டத்தை விட்டு இறங்கி மெஷின் மேல் சாய்ந்திருந்தது. சாவிக்காரர் பழைய திருகாணி ஓட்டைகளை அடைக்கத் தீக்குச்சியைச் சொருகி, ஒடித்து, நுனியைச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார்.

மாடியிலிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. “கீழ என்ன சத்தம்?”

“கதவைத் திருப்பி மாட்டுறேன்” என்று இவர் இருந்த இடத்திலிருந்தே கத்தினார். இருபத்தாறு வருஷத்தில் அந்த மாடியை நோக்கி அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

நடுவில் தரகரின் போன். “அண்ணே, சூப்பரா ஒண்ணு வந்திருக்கு, தரைத்தளம்...”

“வீடு பாத்தாச்சுப்பா.”

“பாத்தாச்சா? எங்கண்ணே?”

“இங்கதான்ப்பா” என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

வெளிப்பக்கம் மாட்டிய கதவு பாதி திறந்ததும் மெஷினில் இடித்தது. மெஷினை ஒன்றரை அடி தள்ளினார். வெளிச்சம் விழும் மூலை போயிற்று. அவள் காலண்டரை எடுத்து மெஷின் மேல் மறுபடி சாய்த்து வைத்தாள். அவர் கதவைத் திறந்து, மூடி, திறந்து பார்த்தார். கடைசியாக உள்பக்கத் தாழ்ப்பாளில் கை வைத்தார். பித்தளைத் தாழ்ப்பாள், குடிவந்த வாரம் அவரே போட்டது. நாலு திருகாணியையும் கழற்றி, அந்த ஓட்டைகளையும் தீக்குச்சியால் அடைத்துவிட்டு, தாழ்ப்பாளைச் சாமான் போடும் தகர டப்பாவில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“போய்ப் பாரு. இழுத்தா சாத்திக்கும்.”

அவள் உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். பழக்கத்தில் கை தாழ்ப்பாளைத் தேடிப் போயிற்று. நாலு தீக்குச்சி முனைகள் விரலில் தட்டுப்பட்டன. வெளியே, அவர் கடைக்குக் கிளம்பாமல் முக்காலியைக் கதவுக்கு அருகே இழுத்துப் போடும் சத்தம். மெழுகுவர்த்திக்கு ஒரு தீக்குச்சி உரசும் சத்தம். அப்புறம் அரத்தின் இரண்டு இழுப்பு.