முதல் ஈத்துச் சீம்பால்

பட்டணத்துல, கோர்படியில பொறந்து வளர்ந்தவ நான். பாக்கெட் பாலைத் தவிர வேற பால் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் ஃபேக்டரியிலேர்ந்து ரிட்டையர் ஆனதும், ஊருக்கு வெளியே கடக்வாஸ்லா தாண்டி கொஞ்சம் நிலம் வாங்கி, ஒரு சினைமாட்டையும் கொண்டுவந்து கட்டினோம். எங்க அண்ணி விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "நீயா? சாணின்னாலே மூக்கைப் பொத்துவியே! மூணு மாசத்துல மூட்டை கட்டிக்கிட்டு வந்துடுவ பாரு." எனக்கு ரோஷம் ஜாஸ்தி. அன்னியிலேர்ந்து அந்தப் பேச்சு முள்ளு மாதிரி உள்ளேயே குத்திக்கிட்டிருந்தது.

பக்கத்து வயல்காரி மராட்டிக்காரி. என் மக வயசுதான் இருக்கும். என்னை மாவ்ஷின்னு கூப்பிடுவா, நம்ம சித்தி மாதிரி. அவ மாட்டுக்கிட்ட உட்கார்ந்துதான் நான் கறக்கப் பழகினேன். முதல் வாரம் விரல் வீங்கி சோறு பிசைய முடியல. "கன்னு போட்டதும் அவசரப்படாதீங்க மாவ்ஷி. முதல்ல அது வயிறு நெறையட்டும், மிச்சம்தான் நமக்கு"ன்னு பத்து தடவை சொல்லியிருப்பா. இது கூடவா எனக்குத் தெரியாதுன்னு கடுப்பா இருந்தது.

மார்கழிக் குளிர்ல, விடியக்காலையில மாடு கன்னு போட்டது. காளைக்கன்னு, நெத்தியில வெள்ளை. தள்ளாடி எழுந்து ரெண்டு மூணு தரம் சப்பிட்டுப் படுத்துடுச்சு. சின்ன வயிறு, போதும் போலன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, என் கண்ணு கன்னு மேல இல்லை, மடி மேலதான் இருந்தது. மஞ்சளா, கெட்டியா வந்த பாலை ஒட்டக் கறந்தேன். வெல்லம், ஏலக்காய் போட்டு ஆவியில வேகவெச்சு, பெரிய டப்பா நிறைய அடுக்கி, "அண்ணிகிட்ட நேரா குடுங்க, நானே கறந்ததுன்னு சொல்லுங்க"ன்னு வீட்டுக்காரரை பஸ் ஏத்திவிட்டேன். அப்படி ஒரு பெருமை!

மத்தியானம் வயல்காரி வந்து கன்னோட காதைத் தொட்டுப் பார்த்தா. ஜில்லுன்னு இருந்தது. தலை தொங்கிக்கிட்டிருந்தது.

"பால் குடிச்சுதா மாவ்ஷி?"

"வயிறு முட்டக் குடிச்சுது"ன்னேன். யோசிக்கவே இல்லை, வாய் முந்திக்கிட்டது.

அவ மாட்டு டாக்டருக்கு போன் போட்டா. அவரும் அதையேதான் கேட்டார். "நல்லா குடிச்சிருக்கு"ன்னு இவ சொன்னா. அப்போ குளிர்தான், சூடு காட்டுங்க, சாயங்காலம் வரேன்னார். சாக்கைப் போர்த்தினோம், நெருப்பு மூட்டினோம், வைக்கோலால உடம்பைத் தேய்ச்சு விட்டோம். தன் வயல் வேலையை எல்லாம் போட்டுட்டு அந்தப் பொண்ணு மூச்சு வாங்கத் தேய்ச்சா. நானும் கூட உட்கார்ந்து தேய்ச்சேன். வாய் மட்டும் தொறக்கல. இப்போ சொன்னா என்ன நினைப்பான்னு ஒரு பக்கம், எப்படியும் எழுந்துக்கும்னு ஒரு பக்கம். பாழாப்போன கௌரவம்.

நாலு மணிக்கு அதோட கண்ணு மேல சொருகினப்போதான் உளறினேன். "சரியா குடிக்கல. எல்லாத்தையும் நான் கறந்துட்டேன்."

அவ என்னைத் திட்டுவான்னு பார்த்தேன். திட்டல. ஓடிப்போய் மாட்டுக்கிட்ட உட்கார்ந்து, மடியில ஊறியிருந்ததைக் கறந்து, விரலை நனைச்சு நனைச்சு கன்னு வாயில வெச்சா. ரெண்டு வாய் உள்ளே போச்சு. மூணாவது கடைவாயில வழிஞ்சிடுச்சு. பொழுது சாயறதுக்குள்ள உசிரு போயிடுச்சு.

"நான் வந்தப்பவே சொல்லியிருந்தீங்கன்னா..."ன்னு ஆரம்பிச்சா. முடிக்கல. கையைக் கழுவிட்டுப் போயிட்டா. நாலு அறை வெச்சிருந்தா தேவலாம் போல இருந்தது.

மாடு கன்னை நக்கிக்கிட்டே இருந்தது. அப்போ போன் அடிச்சது. அண்ணி.

"அடியே, கெட்டிக்காரிடி நீ! சீம்பால் அவ்வளவு ருசி! புள்ளைங்க டப்பாவை வழிச்சு நக்கிடுச்சுங்க. உன்னைப் போய் கேலி பண்ணேனே! சரி, கன்னுக்குட்டி எப்படி இருக்கு?"

எதிரே சாக்கு போர்த்திக் கிடந்தது.

"நல்லா இருக்கு அண்ணி"ன்னேன்.