எல்லோரும் சம்மதித்தால் மட்டும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் எனக்கு அமெரிக்கா சுதந்திரம் பெற்ற கதையைச் சொன்னாள். டேனிஷில் சொன்னாள். வேறு மொழியில் அவ்வளவு நீளமாக என்னோடு பேச அவளுக்குத் தெரியாது. அடுத்த நாள் சரித்திர வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும், வீட்டில் யாருக்காவது முன்னால் ஒருதரம் சொல்லிப் பார்க்கும்படி ஆசிரியர் சொல்லியிருந்தாராம். மனைவி முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தாள். அகப்பட்டது நான்தான்.

டென்மார்க்கின் வைலே நகரில் ஒரு பெரிய பண்டகசாலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். என் டேனிஷும் பண்டகசாலை டேனிஷ்தான். லொறி பிந்துகிறது, பெட்டி உடைந்திருக்கிறது, நாளைக்கு எனக்கு லீவு. இவற்றை டேனிஷ்காரனைப் போலவே சொல்வேன். அதற்கு மேலே போனால் நாக்குத் தள்ளிவிடும். ஆனால் கேட்டால் விளங்கும். பதின்மூன்று குடியேற்றங்கள், வரிச் சண்டை, பிரிட்டனோடு போர், வெற்றி. வென்றார்கள் என்று அவள் சொன்ன இடத்தில் எனக்கு வயிறு எரிந்தது. இருநூற்றைம்பது வருடப் பழைய வெற்றியைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

“வென்ற பிறகுதான் சிக்கலே,” என்றாள். பதின்மூன்று மாநிலங்களும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தனவாம். அதில் மத்திய அரசுக்கு வரி போடக்கூட அதிகாரம் இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு சொல்லைத் திருத்துவதென்றாலும் பதின்மூன்றும் சம்மதிக்க வேண்டும். ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம் ஒன்று மாட்டேன் என்றது. திருத்தம் அதோடு படுத்துவிட்டது.

“எந்த முட்டாள், ஃபார், இப்படி ஒரு விதியை எழுதுவான்?” என்று சிரித்தாள். ஃபார் என்றால் அப்பா.

அந்த முட்டாள் அவளுக்கு முன்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது நாங்கள் ஏழு குடும்பங்கள் சேர்ந்து சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்று தொடங்கினோம். நகரசபை வகுப்பறை தர வேண்டுமென்றால் பதிவு செய்த சங்கம் வேண்டும், சங்கத்துக்கு யாப்பு, அதாவது எழுதி வைத்த சட்டதிட்டம், வேண்டும். டென்மார்க்கில் நாலு பேர் சேர்ந்து மீன் பிடிக்கப் போவதற்கும் யாப்பு வேண்டும். யாப்பை எழுதியவன் நான். எல்லா முடிவும் எல்லோருடைய சம்மதத்தோடு மட்டுமே எடுக்கப்படும் என்று எழுதினேன். பெரும்பான்மை என்ற சொல்லே எனக்கு ஆகாது. அந்தச் சொல்லால்தானே இலங்கையில் அடிபட்டோம்? எங்கள் சங்கத்தில் ஒருவரை ஆறு பேர் நசுக்கக்கூடாது என்று பெரிய நியாயஸ்தன் போல விளக்கம் வேறு கொடுத்தேன்.

அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், அவர் மட்டும் கேட்டார்.

“ஒராள் முரண்டு பிடிச்சால் என்ன செய்யிறது?”

“எங்கட பிள்ளையளின்ர விசயம் அண்ணை. ஆர் முரண்டு பிடிக்கப் போகினம்?”

பிள்ளைகள் போதாததால் ஒரு வருடத்தில் அந்த வகுப்பறை கைவிட்டுப் போனது. பக்கத்து நகரமான பிரெடெரிசியாவில் இன்னொரு தமிழ்ப் பள்ளி நடந்தது, ரயிலில் சிறிது நேரம்தான். அங்கேயும் பிள்ளைகள் போதாது. இரண்டையும் சேர்த்தால் இரண்டும் தப்பும் என்று அண்ணை பிரேரணை கொண்டுவந்தார். ஆறு கைகள் உயர்ந்தன. என் கை உயரவில்லை.

என் தம்பியைச் சுட்டது இராணுவம் அல்ல, எங்கள் ஆட்களே. எங்களுக்குள்ளேயே போட்டியாக இருந்த வேறோர் ஆயுத இயக்கம். பிரெடெரிசியாப் பள்ளியை நடத்தியவர் இளவயதில் அந்த இயக்கத்தில் இருந்தவர். தம்பி சாகும்போது அவர் நாட்டிலேயே இல்லை, அது எனக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கையை மடியில் வைத்திருந்தேன்.

“உம்மட பிள்ளையையும் ஒருக்கா யோசியும்,” என்றார் அண்ணை.

“அவளை அவையளின்ர பள்ளிக்கு அனுப்பேலாது. யாப்பில என்ன எழுதிக் கிடக்கெண்டு பாருங்கோ.”

யாப்பைத் தூக்கிக் காட்டினேன். வெட்கம் கெட்டவன். சங்கம் கலைந்தது. தனித்தனியாகவாவது பிரெடெரிசியா போவோம் என்றவர்களில் இரண்டு குடும்பம்தான் போனது, அந்தப் பள்ளியும் அடுத்த கோடையைக் காணவில்லை. மற்றப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் நீச்சலுக்குப் போனார்கள். என் மகளும்தான். நன்றாக நீந்துவாள். அவளுடைய தமிழ் ‘ஓம்’, ‘வாறன்’, ‘பசிக்குது’ என்பதோடு நின்றுவிட்டது.

மகள் இன்னும் முடிக்கவில்லை. அந்த மாநிலங்களின் ஆட்கள் ஒரு கோடை முழுவதும் கதவு யன்னலைச் சாத்திக்கொண்டு சண்டை பிடித்துப் புது யாப்பு எழுதினார்களாம். பதின்மூன்றில் ஒன்பது சம்மதித்தால் போதும் என்று அதில் வைத்தார்களாம். “கடைசியாக ரோட் ஐலண்டும் வந்து சேர்ந்தது,” என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இருமுவது போல மறைத்தேன்.

அவள் கண்டுவிட்டாள். “உங்களுக்கும் ஒரு போர் இருந்ததுதானே? என்ன நடந்தது?” என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அவள் இதைக் கேட்டதில்லை.

தமிழில் தொடங்கினேன். இரண்டாவது வசனத்தில் அவள் முகம் வெறுமையாகியது. போனை எடுத்து மொழிபெயர்ப்பைத் திறந்து, மேசையில் என் பக்கம் தள்ளி வைத்தாள். போனுக்கு என் பேச்சுத் தமிழ் ஏறவில்லை. அதனால் வானொலியில் செய்தி வாசிப்பவனைப் போல, “என் தம்பி கொல்லப்பட்டான்” என்று என் சொந்த மகளுக்குச் செய்தித் தமிழில் சொன்னேன். தம்பியைச் சொன்னேன், பள்ளியைச் சொன்னேன், ஆறு கைகளைச் சொன்னேன், உயராத கை என்னுடையது என்றும் சொன்னேன். ஒவ்வொரு வசனத்தையும் ஒரு பெண் குரல் எந்தக் கவலையும் இல்லாமல் டேனிஷில் திருப்பிச் சொன்னது.

சித்தப்பாவைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் மேசையைப் பார்த்தபடி மெல்லிய குரலில், டேனிஷில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“அப்படியென்றால் நான் உங்களோடு தமிழில் பேசியிருக்கலாம்.”

அதைத் தமிழில் சொல்லப் போன் வாயைத் திறந்தது. கையால் பொத்தினேன். எனக்கு விளங்கிவிட்டது.