மூன்று வீட்டுக்கும் ஒரே அளவு

கிழக்கிலங்கைச் சாய்ந்தமருதில் குழாய் வேலை செய்யும் மீராசாஹிபு எதையும் ஒருமுறைதான் சொல்வார். கேட்டால் கேட்டது, கேட்காவிட்டால் அவர் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார். வம்பை விலைக்கு வாங்குவானேன் என்பது அவர் கட்சி. இருபத்தெட்டு வருடத் தொழிலில் இந்தக் கொள்கை அவருக்கு நிறைய நிம்மதியைக் கொடுத்திருக்கிறது. மற்றவர்களுக்கு என்ன கொடுத்தது என்று அவர் யோசித்ததில்லை, ஒரு வீட்டு விஷயத்தைத் தவிர.

கைவேலையில் அவரைக் குறை சொல்ல இடமில்லை. பெரிய குழாயையும் சிறிய குழாயையும் இணைக்கும் ரிடியூசர், ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கிய பிளாஸ்டிக் துண்டு, கைக்குள் அடங்கிவிடும் சாமான். அதை வாங்கக் கடைக்குப் போனால் அரை மணி நேரம் எடுப்பார். கடை வாசல் வெயிலில் கிடந்து வெளிறியதை ஒதுக்குவார். குழாய்த் துண்டு ஒன்றைச் செருகிப் பார்ப்பார்; பாதியில் இறுக வேண்டும், லொடலொடவென்று அடிவரை போனால் வேண்டாம் என்று வைத்துவிடுவார். பொருத்தும்போது குழாயை நேராக அறுத்து, பிசிறைக் கத்தியால் சீவி, துணியால் துடைத்து, இரண்டு பக்கமும் பசை தடவிச் செருகுவார். செருகியபின் நபி மேல் மூன்று ஸலவாத்து ஓதி முடியும்வரை பிடித்த கையை எடுக்க மாட்டார். அவர் பொருத்திய இடம் ஒழுகியதாக ஊரில் பேச்சில்லை.

நஸீறா என்ற விதவையின் வளவு, வீடு கட்டும் மனை, வீதியிலிருந்து கடலை நோக்கி ஒடுக்கமாக நீண்டு கிடப்பது. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர்வார். மீன் வியாபாரியான கணவர் மௌத்தான பிறகும் நஸீறா தளராமல் அந்த ஒரே வளவில் மூன்று மகள்மாருக்கும் மூன்று வீடு கட்டி எழுப்பினார். வீதியோரத்து முன்வீடு மூத்தவள் ஹப்ஸாவுக்கு. நஸீறா இருப்பதும் அங்கேதான். நடுவீடு றினோஸாவுக்கு. கடல் பக்கத்துக் கடைசி வீடு இளையவள் ஹிமாயாவுக்கு. ஒருத்திக்கு ஒரு யன்னல் கூடினால் மற்றவள் மனம் கோணும் என்று மூன்று வீட்டையும் ஒரே அச்சில் கட்டியவர் அவர். தான் கண்மூடும்வரை மூன்று பேரும் அந்த வளவிலேயே ஒற்றுமையாக இருக்க வேண்டும், அவருக்கு வேறு ஆசை கிடையாது.

தண்ணீர்த் தாங்கி முன்வீட்டுப் பக்கம் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து ஒன்றேகால் அங்குலக் குழாய், ஊர்ப்பேச்சில் ஒன்றேகால் இஞ்சி, இறங்கி, அடியில் மூன்றாகப் பிரிந்து மூன்று வீட்டுக்கும் போக வேண்டும்.

"மூணு பேருக்கும் ஒரே அளவு போடுங்க காக்கா," என்றார் நஸீறா, அண்ணனிடம் சொல்கிற உரிமையோடு. "நாளைக்கி ஒருத்தி வந்து எனக்குக் கொறச்சிட்டீங்களேண்டு கேக்கப்படா."

"அளவு ஒண்டுதான், தூரம் ஒண்டில்லயே," என்றார் மீராசாஹிபு. "கடைசி வீட்டுக்குத் தண்ணி போய்ச் சேராது."

"நீங்க போடுங்க."

ஒருமுறை சொல்லியாகிவிட்டது. தாங்கியடியிலேயே மூன்று ரிடியூசர் வைத்து, மூன்று கிளையையும் முக்கால் இஞ்சியாக்கிப் போட்டார். முன்வீட்டுக்கு இருபதடி, நடுவீட்டுக்கு எழுபதடி, கடைசி வீட்டுக்கு நூற்றைம்பதடி. குழாய்க்கு நீதி நியாயம் தெரியாது. தூரம் கூடக்கூட ஒடுங்கிய குழாய்க்குள் தண்ணீர் வேகம் இழக்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ஹப்ஸாவின் குழாயில் தண்ணீர் சட்டியை உடைப்பது போலக் கொட்டியது. ஹிமாயாவின் குழாயில் நூல் மாதிரி வந்தது. முன்வீட்டில் யாராவது குளித்தால் அந்த நூலும் அறுந்தது. தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுக்கக்கூட வாளியோடு நடுவீட்டுக்குப் போக வேண்டிய நிலை. கிளைகளுக்கான வால்வுகள் முன்வீட்டுச் சுவரோரம் இருந்ததால், ராத்தா ஹப்ஸாதான் வால்வைத் திருகி வைக்கிறாள் என்று ஹிமாயா முடிவு கட்டினாள். ஹப்ஸா அல்லாஹ் மேல் ஆணையிட்டாள். ஹிமாயா நம்பவில்லை. அந்தப் பெருநாளுக்கு ஹப்ஸா அனுப்பிய இனிப்பு வட்டிலப்பம் கரண்டி படாமல் திரும்பி வந்தது.

ஹிமாயாவின் கணவன் பஸால் கல்முனையில் வாடகை வீடு தேடத் தொடங்கினான். தாய் உயிரோடு இருக்க, கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வாடகைக்குப் போவதா? நஸீறாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஹப்ஸா தன் கணவனைக் கட்டாருக்கு வேலைக்கு அனுப்பிவைக்கக் கொழும்புக்குப் போன அன்றே, மற்ற இரண்டு மகள்மாரையும் குடும்பத்தோடு இரண்டு நாள் உறவு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மீராசாஹிபுவுக்கு ஆள் அனுப்பினார்.

மீராசாஹிபு வந்ததும் மூன்று வால்வையும் முழுக்கத் திறந்துவிட்டார். ஒரே மாதிரி மூன்று வாளியை மூன்று குழாயின் கீழும் வைத்து, தன் வேலையாட்களைக் கொண்டு மூன்றையும் ஒரே நேரத்தில் திறக்கச் செய்தார். முன்வீட்டு வாளி நிரம்பி வழிந்தபோது எல்லாவற்றையும் மூடி, மற்ற இரண்டையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நடுவீட்டு வாளியில் பாதி. கடைசி வீட்டு வாளியில் அடி மட்டும் நனைந்திருந்தது.

நஸீறா குனிந்து மூன்று வாளியையும் பார்த்தார். "அப்ப ஹப்ஸா வால்வத் திருகல்ல."

"இல்ல. தண்ணி ஒரே அளவு வேணுமெண்டா, குழாய் ஒரே அளவு போடேலா. தூரத்து வீட்டுக்குப் பெரிய குழாய கடைசிவரை கொண்டுபோய், சுவரடியிலதான் ஒடுக்கணும். கிட்டத்து வீட்டுக்கு இஞ்சயே ஒடுக்கணும்."

"எளையவளுக்குப் பெரிசு, மூத்தவளுக்குச் சிறிசா? ஹப்ஸா அறிஞ்சா வளவு ரெண்டாகிரும்." நஸீறா குரலைத் தாழ்த்தினார். "அவள் வாறதுக்குள்ள மாத்தி மண்ணப் போட்டு மூடுங்க. ஒருத்தருக்கும் செல்லப்படா."

ஹப்ஸாவிடமே கேட்டுவிடலாமே என்று மீராசாஹிபுவின் நாக்கு நுனிவரை வந்தது. எதையும் ஒருமுறை சொல்கிற மனிதர் அன்று அந்த ஒருமுறையையும் விழுங்கிவிட்டார்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. கடைசி வீட்டுக்கு ஒன்றேகால் இஞ்சி, நடுவீட்டுக்கு ஒரு இஞ்சி, ஹப்ஸாவுக்கு மட்டும் தாங்கியடியிலேயே அரை இஞ்சி. மண்ணுக்கு மேலே சுவரில் ஏறும்போது மூன்றும் அதே முக்கால் இஞ்சிதான். பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மூன்று வாளியையும் வைத்துப் பார்த்தார். ஏறத்தாழ ஒன்றாகவே நிரம்பின.

ஹிமாயா இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தாள். ராத்தாவுக்குப் புத்தி வந்துவிட்டது, வால்வைத் திறந்துவிட்டாள். பெரிய மனது பண்ணி மன்னித்து, தானே வட்டிலப்பம் அவித்து முன்வீட்டுக்குக் கொண்டுபோனாள். பஸால் வாடகை வீட்டுப் பேச்சை விட்டான். மீராசாஹிபுவுக்கும் ஒரு தட்டு வந்தது. இனிப்பென்றால் உயிரை விடுகிற மனிதர் அதைத் தொடாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

இரண்டு வருடம் கழிந்தது. போன மாதம் ஹப்ஸா வாசலில் கூரை இறக்கத் தூண் குழி வெட்டச் சொன்னாள். வேலையாள் குழி தோண்டிய இரும்பு அலவாங்கு குழாயில் விழுந்தது. மீராசாஹிபு போய்ச் சேர்ந்தபோது ஹப்ஸா உடைந்த ரிடியூசரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மற்ற இரண்டு கிளைகளும் தோண்டப்பட்டு வெயிலில் கிடந்தன.

"எனக்கு மட்டும் என்னத்துக்கு அரை இஞ்சி, காக்கா?"

இந்தத் தடவை அவர் எல்லாவற்றையும் சொன்னார். முதல் வேலை, வாளிகள், கொழும்புக்குப் போன இரண்டு நாள், ஒன்றையும் விடவில்லை.

ஹப்ஸா கேட்டு முடித்தாள். "அப்ப, நான் வால்வத் திருகல்லண்டு ஒங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"உம்மாக்கும் தெரியும்."

"ஓம்."

அவள் உடைந்த துண்டை அவர் கையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அவர் புது ரிடியூசரைப் பொருத்தினார். ஸலவாத்தை மூன்றோடு நிறுத்தாமல் ஓதிக்கொண்டே இருந்தார். எழுந்து மண்வெட்டியை எடுத்தபோது ஹப்ஸா தடுத்தாள்.

"மூட வேணாம். அவங்க பாக்கட்டும்."

தாயையும் தங்கையையும் கூப்பிட்டாள். நஸீறா குழிக்குள் எட்டிப் பார்த்தார். "ஒனக்குத் தண்ணி காணல்லயா மகள், கொறயா வருதா?" என்றுதான் அவருக்குக் கேட்க வந்தது.

"தண்ணி காணும் உம்மா. என்னயக் கேட்டிருந்தா, அரையே போடுங்கண்டு நானே செல்லிரிப்பன். ஒங்களோட ஒரே சட்டியில சோறு திங்கிறன். என்னயக் கேக்கணுமெண்டு ஒங்களுக்குத் தோணல்லயே."

ஹிமாயா குழியையும் குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் வீட்டை நோக்கிப் போகும் பெரிய குழாயைக் கண்டதும் ராத்தா வால்வைத் தொட்டதேயில்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. "ராத்தா..." என்று தொடங்கினாள்.

"ரெண்டு வருசமா வட்டிலப்பம் தாறாய்," என்றாள் ஹப்ஸா. "செய்யாத குத்தத்த மன்னிச்சுத்தான் தாறாயெண்டு தெரியாமயே திண்டிருக்கன்."

ஹிமாயா குழியோரத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். ஹப்ஸா மீராசாஹிபுவின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கித் தங்கையிடம் நீட்டினாள்.

"எழும்பு. மண்ணப் போட்டு மூடு. வெயில் பட்டாக் குழாய் பழுதாப் போகும்."