கருவாட்டுக்காரம்மா கொடுத்த இடம்

பொன்னாடை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். அதில் பொன்னும் இல்லை, ஆடையும் இல்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவும்போதே மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வரும். கழுத்தில் பட்டால் அரிக்கும். போர்த்துகிற ஆள் நம்மைப் பார்க்கவே மாட்டார், கேமராவைத்தான் பார்ப்பார். ஊரப்பாக்கத்து ஃபிளாட்டில் என் பீரோவின் அடித்தட்டு முழுக்க இந்தக் கண்றாவிதான் அடைந்து கிடக்கிறது. தரை துடைக்கலாம் என்றால் அதற்கும் லாயக்கில்லை, தண்ணீரை உறிஞ்சாது.

எல்லாம் நான் கிழவியான பிறகு வந்தவை. செங்கல்பட்டு வட்டாரத்தின் முதல் பெண் வரலாற்றாய்வாளர் என்று யாரோ ஒரு மேடையில் பேசிவிட்டார், அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஊர் ஊராக அலைந்து எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் யாரும் கண்ணில் படவில்லை. எப்போதாவது கருத்தரங்குக்கு அழைப்பு வரும். ஆசையாகக் கட்டுரையை எடுத்துக்கொண்டு போனால், பன்னீர்ச் செம்பைக் கையில் கொடுத்து வாசலில் நிற்க வைப்பார்கள். இல்லையென்றால் "கடவுள் வாழ்த்து நீங்க பாடிடுங்கம்மா" என்பார்கள். எனக்குப் பாடவே வராது. கடைசியில் கட்டுரை படிக்க நேரம் இருக்காது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மறக்காமல் தேடி வருவார்கள், பரிமாற ஆள் போதவில்லை என்று.

"மாமல்லபுரத்துப் பக்கத்துலயே வேலை பாக்கறீங்க, பல்லவரைப் பத்தி ஒண்ணும் எழுதலியே?" என்று கேட்காத அறிஞர் இல்லை. பல்லவனுக்கு எழுத ஆள் வரிசையில் நின்றது. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு. ஒரு குப்பத்தில் முதல் கிணறு யார் வெட்டினார்கள்? கருங்குழிப் பக்கத்துச் சேரியிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன பெண் யார், அவளை எங்கே உட்கார வைத்தார்கள்? இதைச் சொன்னால் "இதெல்லாம் வரலாறாம்மா?" என்று சிரிப்பார்கள். வெற்றிலைக் காவி படிந்த அந்தப் பற்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் முதல் டீச்சர் வேலை மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில். செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றத்தில் மாறி, அப்புறம் மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பள்ளிக்கூடம் என்று இருந்தது வலை போட்டு வைக்கும் ஒரு கொட்டகை. மழை வந்தால் பிள்ளைகளும் வலையும் சேர்ந்து நனையும். கட்டடம் கட்டித் தருகிறோம், இடம் மட்டும் ஊர் கொடுக்கட்டும் என்றார்கள் அதிகாரிகள். சவுக்குத்தோப்பு வைத்திருந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் தலையைச் சொறிந்தார்கள். கொடுத்தது ஒரு கருவாட்டுக்காரம்மா. புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள், செங்கல்பட்டு வரைக்கும் கூடை சுமந்து விற்றவள். கருவாடு காயப்போட என்று அவள் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய மேட்டு நிலம் அது. "எம் பொண்ணு நனையாம குந்தி படிக்கட்டும்" என்றாள்.

திறப்பு விழா அன்று அவளைப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்கள். வந்திருந்த அதிகாரிக்கு வாடை ஒத்துக்கொள்ளவில்லையாம். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே ரிப்பன் வெட்டினார். அவள் அன்று கூடை தொடவில்லை. சீயக்காய் போட்டுக் குளித்து, புதுப்புடவை கட்டி, முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வாடை கடற்கரையிலிருந்து வந்தது. அது அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

நான் எழுதிய ஊர் வரலாற்றில் இதையெல்லாம் அவள் பெயர் போட்டு எழுதினேன். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் மகள், என்னிடம் படித்தவள், இப்போது அதே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள்.

இந்த வருஷம் தலைமை ஆசிரியர் போன் பண்ணினார். பொன்விழாவாம், கல்வெட்டு ஒன்றை நான் திறக்க வேண்டுமாம். "உங்க புத்தகத்துல இருந்துதான் மேடம் வரலாறு எடுத்துப் போட்டிருக்கோம்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். கருவாட்டுக்காரம்மாவின் பெயர் கல்லில் ஏறப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் காரில் ஏறினேன்.

திரையை இழுத்தேன். கறுப்புக் கிரானைட்டில் தங்க நிற எழுத்து. முதல் சில வரிகள் அப்படியே என்னுடையவை, கொட்டகை, மழை எல்லாம் இருந்தது. அடுத்த வரியில், நிலத்தை மனமுவந்து வழங்கிய வள்ளல் என்று ஓர் ஆணின் பெயர். கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி கட்டி விற்று, இந்தக் கரையில் ரிசார்ட் வைத்திருக்கும் ஒருவருடைய தாத்தா. அன்று தலையைச் சொறிந்தவர்களில் முதல் ஆள் அவர்தான். கீழே ஆதாரம் என்று போட்டு, பட்டத்தோடு என் பெயர்.

கூட்டம் கை தட்டியது.

"சார், இது தப்பு" என்று தலைமை ஆசிரியரின் காதில் சொன்னேன்.

"கல்லு அவங்க உபயம் மேடம். உபயம் பண்றவங்க வீட்டுப் பேரு போடறது வழக்கம்தானே?"

"கல்லுக்குப் போடுங்க. நிலம் அவங்க கொடுக்கலியே?"

"ரெண்டும் ஒரே இடத்துலதான மேடம் இருக்கு" என்றார். வரலாற்றில் எம்.ஏ. படித்தவர். முகத்தில் கள்ளத்தனம்கூட இல்லை, அதுதான் சகிக்கவில்லை. இந்த நாட்டில் டியூப் லைட் முதல் தண்ணீர்த்தொட்டி வரை கொடுத்தவர் பெயர்தான் பொருளைவிடப் பெரிதாக இருக்கும். தட்டு வாங்கிக் கொடுத்தால் சோறும் அவர் போட்டதாக எழுதிவிடுவார்கள் போலிருக்கிறது.

மைக்கில் போட்டு உடைத்துவிடுவது என்று எழுந்தேன். அந்த நேரம் பார்த்து முன்னாள் மாணவிகள் சார்பில் மாலை போட ஒருத்தி மேடை ஏறினாள். கருவாட்டுக்காரம்மாவின் மகள். மாலையைக் கழுத்தில் போட்டுவிட்டு, சரிசெய்வது போலக் குனிந்து சொன்னாள்: "வாணாம் டீச்சர். எம்புள்ள அந்த ரிசார்ட்டுக்காரரு வண்டியதான் ஓட்டிக்கினு கீறான். நீ பேசிட்டு காரு ஏறிடுவ. நாங்க இங்கதான குடியிருக்கணும்?" அந்தப் பக்கத்தில் நீ என்றால் மரியாதைக் குறைவு இல்லை, நெருக்கம்.

கல்வியின் சிறப்பைப் பற்றி என்னவோ உளறிவிட்டு உட்கார்ந்தேன். ரிசார்ட்காரர் வந்து, "ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா" என்று காலில் விழுந்தார். சென்ட் வாடை தூக்கியடித்தது. சும்மா தலையை ஆட்டினேன். எனக்கும் ஒரு பொன்னாடை வந்தது. அதை மகாபலிபுரம் பஸ் ஸ்டாண்ட் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அந்த அம்மாவின் பெயரைப் போடச்சொன்னால் அவள் பேரனுக்கு வேலை போகும். சரி, அந்தப் புளுகுக்கு என் பெயர் ஏன் சாட்சியாக நிற்க வேண்டும்? தலைமை ஆசிரியருக்குப் போன் பண்ண ஆரம்பித்தேன். பெயர் போட்டால் சந்தோஷப்பட வேண்டாமா என்று வருத்தப்பட்டார். "கல்லுல வெட்டினதை எப்படி மேடம் அழிக்கிறது?" என்றார். ஒரு பெண் நிலம் கொடுத்ததையே அழித்தீர்களே சார், ஒரு வரியை அழிக்க வராதா என்று கேட்டேன். நான் விடாமல் போன் பண்ணவே, தொல்லை தாங்காமல் கறுப்புப் பெயிண்டை வாங்கி என் பெயர்மேல் பூசிவிட்டார். ஆதாரம் என்ற சொல்லும் சேர்ந்து மறைந்துவிட்டதாம்.

போன வாரம் கருவாட்டுக்காரம்மாவின் மகள் போன் பண்ணினாள்.

"டீச்சர், கல்லுல ஒரு வரிய மட்டும் பெயிண்டு அடிச்சி வச்சிக்கீறாங்க. சோறு வாங்க வர்ற புள்ளைங்கல்லாம் கேட்டுக்கினே கீதுங்க, ஆயா, அங்க யாரு பேரு இருந்திச்சின்னு."

"நீ என்ன சொன்னே?"

"எங்கம்மா பேருன்னு சொல்லிட்டேன். இந்த இடத்த குடுத்தவ பேருடா, அதான் அழிச்சிட்டாங்கன்னு. இப்ப அதுங்க தட்டு கழுவப் போறப்பெல்லாம் அந்தக் கறுப்பத் தொட்டுப் பாத்துட்டுப் போவுதுங்க. தப்பா டீச்சர்?"

தப்புதான். அங்கே இருந்தது என் பெயர். ஆயுசு முழுக்க அடுத்தவர் எழுதிய புளுகைத் திருத்துவதே வேலையாக இருந்தவள் நான்.

"இல்லடி," என்றேன். "அது உங்க அம்மா பேருதான்."