உச்சியில் வைத்த பேப்பர்

அம்பெலியோ சிக்கார்டியைப் பற்றி ஊரில் கேட்டால், "யாரு, அந்த ஊமையா?" என்பார்கள். ஊமையெல்லாம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் ஜடையை இழுத்துவிட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். அப்போதெல்லாம் வாயை மூடவே மாட்டான். என் கடையைத் தவிர வெளியே அவன் பேச்சு நின்று ஒன்பது வருஷம் ஆகிறது. ஏன் நின்றது என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவன், அவனுடைய கூட்டாளி செக்கோண்டோ, அப்புறம் நான்.

நான் நீவெஸ். ரயிலை மலைக்குள் சுரங்கத்துக்கு மாற்றிய பிறகு கடலோரத் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு சைக்கிள் பாதை போட்டார்களே, அந்தப் பாதையில் பழைய ஸ்டேஷன் கட்டடத்தில் காபிக் கடை வைத்திருக்கிறேன். கார் இல்லை, லாரி இல்லை, ஹாரன் சத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தை வண்டி, நாய், ஜெர்மன்காரர்கள் என்று ஊர் உலகமே என் வாசலில் போகும். எல்லோரும் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். அம்பெலியோ மட்டும் தனியாகப் போவான்.

அவன் கதையைச் சொல்ல ரொம்ப நேரம் பிடிக்காது. பதினைந்து வயசில் கார்னேஷன் பூ வளர்க்கும் கண்ணாடிக் கூடாரத்துக்குள் வேலைக்குப் போனான், அறுபத்திரண்டில் வெளியே வந்தான். நடுவில் எர்சீலியாவைக் கட்டினான். நல்ல பெண், சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். நாற்பத்தெட்டு வயசில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை இல்லை. அதற்கப்புறம் அவனுக்கு இருந்தது ஒரு பச்சை நிற இரும்பு சைக்கிள், ஒரு செக்கோண்டோ. அவ்வளவுதான்.

செக்கோண்டோ பூச்சந்தையில் எடை போடுகிறவன். முப்பது வருஷம் இருவரும் ஞாயிறு தவறாமல் ஒன்றாகவே போனார்கள். கடலோரமாக என் கடை வரை வந்து, அங்கிருந்து ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே மலையேறும் பழைய ரோட்டில் திரும்புவார்கள். கீழே புது ரோடு வந்த பிறகு அதில் வண்டி நடமாட்டமே கிடையாது. உச்சியில் ஒரு சின்ன மாதா கோயில். அதுதான் எல்லை. அம்பெலியோ ஒல்லி, விறுவிறுவென்று ஏறிவிடுவான். செக்கோண்டோ கனத்த உடம்பு, எப்போதும் பின்னால்தான்.

எங்கள் சைக்கிள்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேட்டில் யாருக்காகவும் யாரும் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். ஆனால் உச்சிக்கு முதலில் போனவன், கடைசி ஆள் வந்து சேரும்வரை நின்றாக வேண்டும். பிறகு எல்லோரும் செய்தித்தாளை மடித்து, சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு இறங்குவார்கள். ஏறும்போது வியர்வையில் நனைந்த நெஞ்சில், இறங்கும்போது மலைக்காற்று கத்தி மாதிரி இறங்கும். பேப்பர் இருந்தால் தாங்கும். காலையில் பெட்டிக்கடையில் ரோஸ் நிற விளையாட்டுப் பேப்பர் இரண்டு வாங்கி முதுகுப் பையில் போட்டுக்கொள்வது அம்பெலியோவின் வேலை. ஒன்று தனக்கு, ஒன்று பின்னால் வருகிறவனுக்கு.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு பிப்ரவரி ஞாயிறு. மழையோடு பனியும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. என் கடையில் காபி குடிக்கும்போதே செக்கோண்டோ முனகினான்.

"இன்னைக்கு நான் பாதியிலேயே திரும்பிடுவேன்ப்பா. வீட்ல மாமியார் விருந்து."

"உன் மாமியாருக்கு வாரா வாரம் விருந்தா? ஏறுடா தடியா," என்றான் அம்பெலியோ.

செக்கோண்டோ ஒவ்வொரு ஞாயிறும் அப்படிச் சொல்கிறவன்தான். ஒரு நாளும் திரும்பியதில்லை. ஆனால் அன்றைக்கு உச்சியில் நின்ற அம்பெலியோவுக்குக் கை விறைத்துவிட்டது. பதினைந்து நிமிஷம் பார்த்தான். சொன்ன மாதிரியே திரும்பிப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, வேறு சரிவு வழியாக இறங்கி வீட்டுக்குப் போய்விட்டான். இரண்டு பேப்பரும் அவனோடு போயின.

செக்கோண்டோ திரும்பவில்லை. மூன்றாவது வளைவில் பஞ்சர். ஒட்டிவிட்டு, நனைந்து ஊறி உச்சிக்கு வந்தால் கோயில் வாசலில் ஆளே இல்லை. வெறும் சட்டையோடு இறங்கினான். என் கடைக்குள் வந்தபோது பல் கிட்டித்துப் பேச்சு வரவில்லை. நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். நிமோனியா. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. உயிர் பிழைத்தான், நுரையீரல் பழையபடி ஆகவில்லை.

அம்பெலியோ பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். செக்கோண்டோ அவனைப் பார்த்தான். "போறவன் பேப்பரையாவது வச்சிட்டுப் போயிருக்கலாம்ல," என்றான். அவ்வளவுதான், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இவன் தொப்பியைப் பிசைந்துகொண்டு கட்டில் பக்கத்திலேயே நின்றான். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா? வாயில் என்ன கொழுக்கட்டையா? எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அம்பெலியோ தனியாக ஏறினான். இரண்டு பேப்பர் வாங்குவான். உச்சியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். ஒன்றை நெஞ்சில் செருகிக்கொண்டு, இன்னொன்றைக் கோயில் சுவர் மாடத்தில் கல்லுக்கடியில் வைத்துவிட்டு இறங்குவான். அடுத்த வாரம் போனால் பழைய பேப்பர் அங்கேயே நைந்து கிடக்கும். அதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பான். இப்படி எட்டரை வருஷம்.

"அவன் வீடு உனக்குத் தெரியாதா? போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதானே," என்று ஒருநாள் கேட்டேன்.

"என்னன்னு சொல்லித் தட்டறது?"



போன செப்டம்பரில் ஒரு ஞாயிறு, கடைக்குள் ஓடி வந்தான். எழுபத்தோரு வயசு ஆள், அடியில் இரும்புத் தகடு வைத்த சைக்கிள் ஷூவோடு, சறுக்கி விழாத குறையாக.

"நீவெஸ், பேப்பர் இல்ல. போன வாரம் வச்சது அங்க இல்ல."

"காத்துல பறந்திருக்கும்."

"கல்லு இருந்த இடத்துல இருக்கு. எடுத்தவன் கல்லை ஒழுங்கா திரும்ப வச்சிருக்கான். யாரு அப்படி வைப்பா? சந்தையில எடைக்கல்லை அடுக்கினவன்தான் வைப்பான்."

அடுத்த வாரமும் பேப்பர் போயிருந்தது. அதற்கடுத்த வாரமும். அம்பெலியோ முடி வெட்டிக்கொண்டான். என் கடையில் அடுப்பில் வேகும் கடலை மாவு அடையை ஒரு துண்டுக்கு இரண்டு துண்டாக வாங்கித் தின்றான். "மேட்டை ஏறிட்டான் பாரு, தடியன்," என்று தனக்குத்தானே சிரித்தான். நான் மட்டும் கூடச் சிரிக்கவில்லை.

ஏனென்றால் எனக்கு விஷயம் தெரியும். ஞாயிறு பதினோரு மணிக்கு, அம்பெலியோ வீட்டுக்குப் போன பிறகு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவன் என் வாசலைத் தாண்டி மலைப்பக்கம் போவான். இடது தோள் சாய்ந்திருக்கும். செக்கோண்டோதான். சைக்கிளில் 'உய்ய்ய்' என்று ஒரு சத்தம் வரும். பேட்டரியில் ஓடும் மோட்டார் வைத்த சைக்கிள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் ஆட்களிடம் அது தலைகுனிவு. செக்கோண்டோவே என் கடையில் உட்கார்ந்து, இதே மாதிரி மோட்டார் வைத்த சைக்கிளில் வந்த ஒரு பல் டாக்டரைப் பார்த்து, "சார், பெட்ரோல் இங்க கிடைக்காது," என்று சொல்லிக் கடையையே சிரிக்க வைத்தவன். அப்படிப்பட்டவனுக்கு இப்போது பாதி நுரையீரலும் ஒரு மோட்டாரும். அம்பெலியோ கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது என்றுதான் நேரம் பார்த்துப் போகிறான்.

இதை நான் அம்பெலியோவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஊர் வம்பெல்லாம் பேசுகிற என் வாய் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அடைத்துக்கொண்டது. அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை.

நவம்பரில் ஒருநாள், "இன்னைக்கு அவன் வர்ற வரைக்கும் இருக்கப் போறேன். இந்தத் தடவை நின்னே தீருவேன்," என்று சொல்லிவிட்டு ஏறினான்.

மத்தியானம் திரும்பி வந்தான். நான் வைத்த காபிக் கோப்பையை முன்னால் இழுத்துக்கொண்டான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

"கோயில் சுவத்துல சைக்கிளைச் சாய்ச்சு வச்சிருந்தேன். கீழ்வளைவுல ஏதோ ஊளைச் சத்தம் கேட்டுது. ஏறி வந்தான், நீவெஸ். நூறடி தூரம்தான். பச்சை சைக்கிளைப் பார்த்தான், என்னையும் பார்த்தான். நான் கையைத் தூக்கினேன். வண்டியைத் திருப்பிக்கிட்டு இறங்கிட்டான்."

"கூப்பிட வேண்டியதுதானே."

"குரல் வரல." கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பேப்பர் இல்லாம இறங்கினான், நீவெஸ். மறுபடியும் என்னாலதான்."

அவன் அழுததை நான் எர்சீலியா சாவில்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம் மாடத்துப் பேப்பர் அப்படியே கிடந்தது. பதினோரு மணிக்கு என் வாசலிலும் சத்தம் இல்லை. "ரெண்டு கழுதைங்க," என்று நான் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். நாலாவது வாரம் அம்பெலியோ வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே உச்சியிலிருந்து வந்துவிட்டான். பச்சை சைக்கிளைக் கடைக்குப் பின்னால் விடாமல், பாதையில் போகிறவர் கண்ணில் படும்படி முன்சுவரில் சாய்த்தான். உள்ளே வந்து கடைசி மேசையில், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.

"என்ன சீக்கிரமே வந்துட்ட? நிக்கலையா?"

"நிக்கல. வச்சிட்டு வந்துட்டேன். சைக்கிள் இங்க நின்னா, மேல யாரும் இல்லன்னு அவனுக்குத் தெரியும்."

ஒரு ஞாயிறுகூட நிற்காமல் போனதில்லை அவன், அந்த ஒரு தடவையைத் தவிர.  இன்னொரு காபி வைத்தேன். பதினோரு மணிக்கு அந்த உய்ய்ய் சத்தம் வந்தது. சுவருக்கு எதிரே வந்ததும் குறைந்தது. நின்றேவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு மலைப்பக்கம் போய்விட்டது.

அன்றையிலிருந்து வாரா வாரம் இதேதான். மூன்று மாசமாக இவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான்.

போன ஞாயிறு வடக்கிலிருந்து பயங்கரக் குளிர்காற்று. மிமோசா பூவெல்லாம் உதிர்ந்து பாதை மஞ்சளாகக் கிடந்தது. அம்பெலியோ உதடு நீலம் பூத்து உள்ளே வந்தான். சட்டையைப் பார்த்தேன், நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

"உன் பேப்பர் எங்க?"

"கடையில ஒண்ணுதான் மிச்சம் இருந்துது."

எதற்காக மேலே கேட்க வேண்டும்? அடுப்புப் பக்கம் நாற்காலியைத் தள்ளி, என் கம்பளிச் சால்வையை அவன் மேல் போட்டேன். "சாகப் போற வயசுல வீரம்," என்று திட்டினேன். நடுங்கிக்கொண்டே கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். பதினோரு மணிக்கு அந்த உய்ய்ய் சத்தம் மேலே போனது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு சத்தம் கீழே இறங்கி வந்தது.

"பாரு," என்றான் திரும்பாமலே.

"நீயே திரும்பிப் பாரேன்ப்பா. ஒரு தடவை."

"என் முகத்தைப் பார்த்தா அடுத்த வாரம் வரமாட்டான். நீ பாரு. நெஞ்சை மூடியிருக்கானா?"

நான் ஜன்னல் பக்கம் போனேன். செக்கோண்டோ காற்றுக்குக் குனிந்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தான். சட்டை முன்னால் புடைத்திருந்தது. கழுத்துக்குக் கீழே ரோஸ் நிறத்தில் ஒரு ஓரம் வெளியே தெரிந்தது.

"மூடியிருக்கான்," என்றேன்.

"சரி," என்றான் அம்பெலியோ. ஆறிப்போன காபியைக் குடித்து முடித்தான்.