கைக்குக் கொடுத்த பணம்

பழுப்பு உறையின் ஓரத்தை அண்ணன் பல்லால் கடித்துத்தான் கிழிப்பார். இடது கையால் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்; நான் உதவிக்குப் போனால் கோபம் வந்துவிடும். அலோன் துறைமுகத்தில் அவர் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் அரிசி மூட்டைகளைத் தூக்கிய கயிறு அறுந்து, வலது கை நசுங்கி, மணிக்கட்டோடு வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கைக்காக மாதாமாதம் வந்த உதவித்தொகையும் என் தையல் கூலியும்தான் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் இருவருக்கும் சோறு போட்டன. அந்த மாதம் உறையில் பாதிப் பணம்தான் இருந்தது. கூடவே பர்மிய மொழியில் ஒரு துண்டுக் காகிதம்.

"நீ ஒருவாட்டி படி தங்கச்சி. நான் படிச்சது தப்பா இருக்கும்" என்றார்.

தப்பில்லை. மாணவர் கடன் நிலுவைக்காகப் பிடித்தம் என்றுதான் எழுதியிருந்தது.

கடன் வாங்கியது உண்மை. பொறியியல் படிக்க அரசாங்கத்திடம் வாங்கினார். இரண்டாம் வருடத்தில், எண்பத்தெட்டில், மாணவர் கிளர்ச்சியை ஒட்டிக் கல்லூரிகளை மூடினார்கள். இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று அண்ணன் புத்தகங்களைத் தூசி தட்டி வைத்துக்கொண்டே இருந்தார். அம்மாவுக்குப் பின் அப்பாவும் இறந்த பிறகு, அவற்றைப் பழைய புத்தகக்காரரிடம் போட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போனார். முடிக்காத படிப்பின் கடன் இத்தனை வருடம் கழித்து அவரைத் தேடி வந்துவிட்டது.

ஊனத்துக்குக் கொடுக்கும் பணத்தில் கடனைப் பிடிக்கலாமா? இதை ஒருவரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள நாங்கள் ஏறாத படி இல்லை. உதவித்தொகை அலுவலகத்தில் கடன் பிரிவைக் கேளுங்கள் என்றார்கள். கடன் பிரிவில் உதவித்தொகை அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். நான் எழுதிக் கொடுத்த மனுக்களுக்குப் பதிலே இல்லை. கடைசியில் கடன் பிரிவில் இருந்த ஒரு பர்மிய அம்மாள் மட்டும், அண்ணனை அவர்கள் மொழியில் 'அண்ணா' என்று கூப்பிட்டு, உண்மையைச் சொன்னார்.

"அகோ, பிடிக்கலாம்னு ஒரு சட்டமும் நான் பார்க்கல. பிடிக்கக்கூடாதுன்னும் பார்க்கல. மேலேருந்து கடிதம் வந்துச்சு, பிடிக்கிறோம்."

"படிப்புக்குக் குடுத்தத படிப்புலேருந்து எடுக்கட்டும். இது என் கைக்குக் குடுத்த காசும்மா" என்றார் அண்ணன். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். அப்படிப் பிடிப்பது சட்டப்படி சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று வருடம் பிடித்தார்கள். அண்ணன் டீக்கடைக்குப் போவதை விட்டார். வலிக்கு மாத்திரை வாங்குவதையும் விட்டார். ஒருவழியாகக் கடன் தீர்ந்ததும், கணக்கை மூடக் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். இடது கையால் மெல்ல எழுதிக் கொடுத்தார். அதே அம்மாள், அண்ணன் படிக்கும்போது கையெழுத்துப் போட்ட பழைய கடன் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒத்துப்போகலையே. ஒத்துப்போகாம மூட மாட்டாங்க. மறுபடி பிடிப்பாங்க."

அண்ணன் வலது கையின் மொட்டை முனையை மேசைமேல் வைத்தார்.

"எனக்குத் தெரியுது அகோ. மேலே இருக்கிறவங்க காகிதத்தைத்தானே பார்ப்பாங்க" என்றவர், புதிதாக ஒரு படிவத்தை எடுத்து வைத்துவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். படிவத்தை என் பக்கம் இழுத்தேன். பழைய பத்திரத்தில் இருந்ததைப் பார்த்துப் பார்த்து, அந்தச் சுழிப்பும் அடிக்கோடும் மாறாமல் அண்ணன் பெயரை எழுதினேன். மை காய்வதற்குள் அண்ணன் குனிந்து அதை வெகுநேரம் பார்த்தார்.

"இப்படித்தான் போடுவேன்" என்றார்.