கலிங்கில் கட்டிய வலை

பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்திலேயே அவருக்கு ‘ரைட்டு’ என்று பேர் விழுந்துவிட்டது. முழங்கால் தேய்ந்து, ஓடும் வண்டியில் நிற்க முடியாமல் வேலையை விட்டபோது மனைவியின் தம்பிதான் கைகொடுத்தான்.

“வீட்ல உக்காந்து அக்கா உயிர எடுக்காதீங்க மாமா. என் ஏரியப் பாத்துக்கங்க.”

ஏரி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. இரண்டு மேடுகளுக்கு நடுவே, மாமனார் தன் சொந்த நிலத்தில் பாசனத்துக்காகக் குறுக்கே போட்ட மண்கரை. அதன் பின்னால் தேங்கிய தண்ணீர். இப்போது பாசனமும் இல்லை, பயிரும் இல்லை. சில மிதிபடகுகள், தூண்டில் போட வருகிறவர்கள், விடுமுறையில் குடும்பத்தோடு கரைமேல் நடக்க வருகிறவர்கள். கரைக்குக் கீழே ரைட்டுவின் வீடு. அதைத் தாண்டி ஒரு தெரு.

கரையில் புல்லை ஒட்ட வெட்டவேண்டும். எலி வளைகளை மண் போட்டு அடைக்கவேண்டும். செடி மரமாவதற்குள் வேரோடு பிடுங்கவேண்டும். இதையெல்லாம் அவர் சம்பளத்துக்காகச் செய்தார். மீன்களை மட்டும் ஆசைக்காக வளர்த்தார். குஞ்சாக வாங்கி ஏரியில் விட்டு, காலையும் மாலையும் தீனி போட்டுப் பெரிதாக்கியவை. படகுத்துறையில் அவர் நிழல் விழுந்தாலே தண்ணீர் கொதிப்பதுபோல் கூடிவிடும்.

மனைவி சும்மா விடமாட்டாள். “பெத்த பொண்ணு சாப்பிட்டாளான்னு ஒரு நாள் கேட்டதில்ல. மீனுக்கு மட்டும் வேள தவறாமச் சாப்பாடு!”

அவர் தீனி வாளியோடு துறைக்குப் போய்விடுவார். மகள் தூங்கும்போது டிப்போவுக்குக் கிளம்பி, அவள் தூங்கிய பிறகு திரும்பிய மனிதர்.

போன மழைக்காலத்தில் ஏரி நிறைந்து கலிங்கு வழிந்தது. மிஞ்சிய தண்ணீர் கரைமேல் ஏறாமல் வெளியேற, ஓரத்தில் தாழ்வாகக் கல்லால் கட்டிவிட்ட வழிதான் கலிங்கு. தண்ணீரோடு பாதி மீனும் போய்விட்டது. அதனால் இந்த முறை ரைட்டு முன்னெச்சரிக்கையாக இருந்தார். கலிங்கின் குறுக்கே கம்பி நட்டு, கோழிக்கூண்டுக்குப் போடும் பிளாஸ்டிக் வலையை இழுத்துக் கட்டினார். தண்ணீர் போகும், மீன் நிற்கும்.

மச்சான் பார்த்து அசந்துபோனான். “இஞ்சினியர் தோத்தான் போங்க மாமா!”

ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட்டி வைத்திருந்தார்கள். வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவதாக இருந்தது. மச்சான் மூடி மறைக்காமல் சொல்லியிருந்தான்: “இது நல்லா நடந்தா ஏரிய வச்சுக்குவேன். இல்லன்னா வித்துட்டு வேற தொழிலப் பாக்கவேண்டியதுதான்.” விற்றால் ரைட்டுவுக்கு வேலையும் போகும், வீடும் போகும்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. மதியம் குடையோடு கரைக்குப் போனவர் கலிங்கைப் பார்த்து நின்றுவிட்டார். அடைமழையில் அலறவேண்டிய கலிங்கு, மூக்கடைத்தவன் மூச்சுவிடுவதுபோல் சிணுங்கிக்கொண்டிருந்தது. சருகு, பாசி, பாட்டில், யாரோ விட்டுப்போன செருப்பு, எல்லாம் வலையில் அப்பி பாய்போல் ஆகியிருந்தன. ஏரிப் பக்கம் தண்ணீர் கரையின் தலைக்கு ஒரு சாண் கீழே நின்றது.

குப்பை வாரியை எடுத்து இழுத்தார். இழுத்த இடம் கண்ணெதிரிலேயே மறுபடி அடைத்துக்கொண்டது. மச்சானுக்குப் போன் போட்டார்.

“வலைய எடுத்துடவா மச்சான்?”

“வெளயாடுறீங்களா? மீனெல்லாம் போயிடும். மழ விட்டுரும், பொறுங்க.”

“தண்ணி ஏறிட்டே இருக்குடா.”

“போட்டிய வச்சுக்கிட்டு என்ன மாமா நீங்க? வாரி வாரி விடுங்க, தாங்கும்.”

தாங்கும் என்று நம்பத்தான் அவருக்கும் ஆசை. இன்னும் கொஞ்சம் வாரினார். அதற்குள் மனைவி கரையின் நடுவிலிருந்து கத்தினாள்.

“என்னங்க, இங்க வாங்க! தண்ணி இந்தப் பக்கம் இறங்குது!”

படகுத்துறைக்கு ஆட்கள் குறுக்கே நடந்து நடந்து கரையின் தலை அங்கே தேய்ந்திருந்தது. அந்தத் தேய்ந்த இடத்தில் விரல் பருமனுக்கு ஒரு நீர்க்கோடு, வெளிச்சரிவில் மண்ணைக் கரைத்துக்கொண்டு செம்மண் நிறத்தில் இறங்கியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கை அகலமானது. கீழே அவர் வீட்டு ஓடு தெரிந்தது. அதற்கப்பால் தெருவில் யாரோ மழைக்குத் துணியை அள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

“நீ கீழ போய்த் தெருவுல எல்லாரையும் மேட்டுக்குப் போகச் சொல்லு.”

“நீங்க?”

“வலைய அறுக்கணும்.”

“அறுத்தா அவன் உங்களச் சும்மா விடமாட்டான்.”

“விடாட்டிப் போறான். ஓடு!”

கலிங்குக்குத் திரும்பி, வலையின் கட்டுக்கம்பியைக் குறடால் முறுக்கினார். ஏரித் தண்ணீர் அழுத்தியதில் அது அசையவில்லை. புல் வெட்டும் அரிவாளை எடுத்து, ஓரத்துக் கல்லில் படுத்துக்கொண்டு வலையைக் கண்ணி கண்ணியாக அறுத்தார். முழங்கால் வலி அப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. பாதி அறுந்ததும் மீதியைத் தண்ணீரே பிய்த்துக்கொண்டது. குப்பைப் பாய் மொத்தமும் ஒரு புரட்டுப் புரண்டு போனது. பின்னாலேயே மீன்கள். வெள்ளி வெள்ளியாய், ஒன்றன்மேல் ஒன்றாய், நிற்காமல். அவர் ஒன்றைக்கூடக் கை நீட்டித் தொடவில்லை. எழுந்து, கரையின் தேய்ந்த இடத்தில் போட மணல் மூட்டை தூக்கப் போனார்.

சாயங்காலத்துக்குள் நீர்மட்டம் இறங்கிவிட்டது. கரை நின்றது. வெளிச்சரிவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு மண் போயிருந்தது.

மறுநாள் காலை மச்சான் வந்தபோது தெரு முழுக்க மீன் பொரிக்கிற வாசம். சாக்கடையிலும் வாய்க்காலிலும் பிடித்திருந்தார்கள். அவன் முகம் சிவந்திருந்தது.

“பொறுங்கன்னு சொன்னேன்ல? போட்டியே போச்சு! ஏதாவது மிச்சமிருக்கா?”

“அடியில கொஞ்சம் இருக்கும். தெரியல.”

“போட்டிக்கு வர்றவங்க மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?”

“வலையக் கட்டுனது என் தப்பு மச்சான். அறுத்தது தப்பில்ல. நீயே வந்து பாரு.”

மச்சான் முணுமுணுத்துக்கொண்டே கரைமேல் நடந்தான். மண் போன இடத்தில் நின்றான். பள்ளத்தைப் பார்த்தான், நேர் கீழே அக்காவின் வீட்டைப் பார்த்தான். அவள் வாசலில் ஈரப் பாயை உதறிக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்துப் போட்டிக்காரர்களிடம் ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்று சொன்னான். ஏரியை விற்பதா வேண்டாமா என்று ரைட்டு கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

“மண்வெட்டி இன்னொண்ணு இருக்கா மாமா?”